வண்டிக்கு அடியில்

ஆயில் சூடாக இருந்தது.

நட்டின் கடைசி மரையை விரலால் சுழற்றி விட்டதும் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை வழிந்த அந்தக் கறுப்பின் வெதுவெதுப்பு யசோதாவுக்கு முதலில் இதமாகக்கூட இருந்தது. அதில் என்ன தப்பு என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. வண்டியை அவள் ஸ்டார்ட் செய்யவே இல்லை. நேற்று மதியம் தம்பி தினேஷ் வந்து, முன்சக்கரங்கள் இரண்டும் மரக்கட்டைகள் மேல் ஏறும்படி ஓட்டி நிறுத்தி, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வண்டி அசையவில்லை. இன்று வெயிலும் இல்லை. காலையிலிருந்தே லிங்கராஜபுரத்தின் மேல் ஈரச் சாக்கை விரித்த மாதிரி வானம் மூடிக்கிடந்தது.

ஆயில் மாற்றுவதற்கு முன்னால் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், அப்போதுதான் ஆயில் இளகி அழுக்கையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான நாளிலிருந்து ஷங்கர் இதே முற்றத்தில், இதே பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் இன்றைக்கு பந்த். காலையில் தெருமுனையில் டயர் கொளுத்தினார்கள். இன்ஜின் சத்தம் கேட்டால் எவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவான் என்று சொல்ல முடியாது. பரவாயில்லை, மெதுவாகவே வடியட்டும் என்று குளிர்ந்த இன்ஜினோடுதான் வேலையைத் தொடங்கினாள்.

குளிர்ந்த இன்ஜின் என்றுதான் நினைத்தாள்.

புறங்கையால் இன்ஜினின் அடித்தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். தகரம் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுட்டது. அறுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் கேனுக்குள் ஆயில் தடித்த கயிறு போலச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ வண்டியை எடுத்திருக்கிறார்கள். யார்? சாவி அவளுடைய சட்டைப் பையில் நெஞ்சை அழுத்திக்கொண்டு கிடந்தது. வீட்டுக்குள் இருந்தது ஷங்கர் ஒருவன் மட்டும்தான். அவனால் எழுந்து உட்காரக்கூட முடியாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஓசூர் ரோட்டில் லோடோடு வரும்போது அவனுக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் பேருக்குத்தான் உடம்போடு இருந்தன. பேச்சு போய்விட்டிருந்தது. 'பா' என்ற ஒரே ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீருக்கும் பா, வலிக்கும் பா, அவளுக்கும் பா. அவள் பக்கத்தில் இல்லாதபோது, நல்ல கையால் எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் சட்டத்தில் தட்டிக் கூப்பிடுவான்.

தினேஷுக்கு பொம்மசந்திராவில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் மட்டும்தான் அவனால் வண்டி எடுக்க முடிந்தது. கடைசியில் யசோதா தானே ஸ்டியரிங் பிடித்துப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். நாளைக் காலையில் அவளுக்கு முதல் லோடு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்கு. பொம்பளை ஓட்டுவதா என்று தயங்கிய சூப்பர்வைசரிடம் தினேஷ்தான் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தான். முதல் நாளே வண்டி மக்கர் செய்தால் அடுத்த நாள் வேறு ஆள் வந்துவிடுவான். சாயங்காலத்துக்குள் வந்து ஆயில் மாற்றக் கூட இருக்கிறேன் என்று சொன்ன தினேஷை இன்னும் காணோம்.

மதியம், நைட்டிக்கு மேல் ஷங்கரின் பழைய காக்கிச் சட்டையை அவள் மாட்டிக்கொண்டபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமா வெட்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"ஆயில் மட்டும் மாத்திட்டு வந்துடறேங்க. ஜன்னலுக்கு இந்தாண்டதானே இருக்கேன்," என்றாள்.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இப்போது அந்த ஜன்னல் அவளுடைய தலைக்கு மேலே, வண்டியின் மூக்குக்கு நேர் எதிரே எங்கோ இருந்தது. படுத்திருந்த இடத்திலிருந்து அது தெரியாது. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு உலகம் ஒரு முழ உயரம்தான்: கேட்டின் அடிக்கம்பி, அதற்கு அப்பால் ஈரத்தில் பளபளக்கும் தெரு, மாடிக்குப் போகும் படிக்கட்டின் முதல் படி, வாசற்படியின் விளிம்பு, சிமெண்டுத் தரையில் அவள் பரப்பி வைத்திருந்த ஸ்பேனர்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. பாலத்துப் பக்கமிருந்து எப்போதும் வருகிற ஹார்ன் சத்தம் இல்லை. கருகிய டயர் வாடை மட்டும் காற்றில் நிற்க மனமில்லாமலும் போக மனமில்லாமலும் தொங்கியது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு எதற்காகவோ காத்திருப்பது போல் இருந்தது அவளுக்கு.

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. டங். டங்.

"வரேங்க! கையெல்லாம் ஆயிலு. கொஞ்சம் பொறுங்க!"

டங். டங். டங்.

வழக்கமாக அவள் குரல் கேட்டால் நிறுத்திவிடுவான். இன்றைக்கு நிறுத்தவில்லை. முரண்டு பிடிக்கிறான் என்று நினைத்தாள். நான் வண்டிக்கு அடியில் படுப்பது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் என்ன செய்ய முடியும்?

கரண்டு போனது. மாடியில் வீட்டுக்காரம்மா லட்சுமம்மா வீட்டு டிவி பேச்சின் நடுவில் அறுந்து நின்றது. வாசற்படியில் விழுந்திருந்த மஞ்சள் வெளிச்சமும் போய், முற்றம் சாம்பல் நிறமாகியது. யசோதா டார்ச்சைத் தேடி எடுத்துப் போட்டாள். வெளிச்சம் முதலில் கேனில் விழுந்தது, பிறகு சக்கரத்தில், பிறகு சக்கரத்துக்கு அப்பால்.

இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் நின்றுகொண்டிருந்தன.

தினேஷ்தான் என்று நினைத்தாள். 

"வந்துட்டியாடா! பயந்தே போயிட்டேன். பஸ்ஸே இல்லையே, எப்பிடிடா வந்தே?"

 அந்தக் கேட்டின் கீல் துருப்பிடித்தது, திறந்தால் தெருவுக்கே கேட்கும், அந்தச் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று அவளுக்குள் ஒன்று கேட்டது. டம்ளர் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று இன்னொன்று சொன்னது.

"ஷூ எங்கடா? வெறுங்காலோட நிக்கிறே? சரி, அந்த வேஸ்ட் துணியை எடு."

ஒரு கை கீழே இறங்கி உள்ளே வந்து துணியை நீட்டியது. வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூடவே, கையில் அப்பியிருந்த ஆயில் வாடைக்கு மேலாக, சிகரெட்டும் வியர்வையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை வந்தது. அவளுக்கு ரொம்பப் பழக்கமான, ஆனால் கொஞ்ச காலமாக இந்த வீட்டில் இல்லாத வாசனை. தினேஷ் சிகரெட் பிடிக்க ஆரம்பித்துவிட்டானா?

டார்ச்சை மார்பில் வைத்துக்கொண்டு ஃபில்டரைக் கழற்றத் தொடங்கினாள். கை வழுக்கியது. ஃபில்டர் ஒரு துளியும் திரும்பவில்லை. கழுத்தைத் திருப்பி மறுபடியும் அந்தக் கால்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குதிகால்கள் அவள் பக்கம் இருந்தன. அப்படியானால் அவன் வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். முதுகைக் காட்டி நிற்பவனுடைய கை எப்படி இவ்வளவு தூரம் உள்ளே வந்தது? அந்த நினைப்பை அவள் முழுசாக நினைக்கவில்லை. ஃபில்டர்தான் முக்கியம். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும்.

ஃபில்டர் இப்படிச் சிக்கிக்கொண்டால் ஷங்கர் நீளமான ஸ்க்ரூ டிரைவரைச் சுத்தியால் அடித்து அதன் வயிற்றில் குறுக்கே இறக்கி, அதையே பிடியாக வைத்துத் திருகுவான். அதைக் கேட்க அவள் வாய் திறப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவர் அவள் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. பின்னாலேயே சுத்தி.

வாங்கிக்கொண்டாள். அடித்தாள். திருகினாள். ஃபில்டர் முனகிக்கொண்டு சுழன்று கையோடு வந்தது.

தினேஷுக்கு இது எப்படித் தெரியும்?

தினேஷ் ஒரு நாளும் ஆயில் மாற்றியதில்லை. அவனுக்கு எதற்கெடுத்தாலும் மெக்கானிக் வேண்டும். அவள் அசையாமல் படுத்திருந்தாள். மேலே மட்கார்டில் விரல் முட்டியால் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று அர்த்தம். அப்படித் தட்டுகிற ஆளை அவளுக்குத் தெரியும்.

தோள்பட்டையில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது. டார்ச்சைத் திருப்பினாள். கேன் நிறைந்து, விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. இந்த இன்ஜினில் இருக்கிற ஆயில் மொத்தமும் வடிந்தாலும் அந்தக் கேனில் பாதிக்கு வராது. ஆனால் மேலேயிருந்து இறங்கும் கறுப்புக் கயிறு மெலியவே இல்லை. முதலில் எப்படி விழுந்ததோ அப்படியே விழுந்துகொண்டிருந்தது. தரையில் பரவி, அவள் முதுகுக்கு அடியில் புகுந்து, நைட்டியை நனைத்து, தலைமுடிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே டம்ளர் அடித்துக்கொண்டே இருந்தது.

"யசோதம்மா!"

மாடி வராந்தாவிலிருந்து லட்சுமம்மாவின் கன்னடம் கலந்த குரல். அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"லட்சுமம்மா!"

"உன் தம்பி போன் பண்ணான்மா, இப்பத்தான். அவன் பொம்மசந்திராலயே மாட்டிக்கிட்டானாம். பஸ் ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில வரேன்னான். நீ பயப்படாதேன்னு சொல்லச் சொன்னான்."

யசோதா கால்களைப் பார்த்தாள். அவை நகரவில்லை.

"லட்சுமம்மா," என்றாள்.  "இங்க யாரோ..."

"அய்யோ தேவரே!" மாடியில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. "ஷங்கரப்பா! ஷங்கரப்பா! எழுந்து நிக்கிறியாப்பா! யசோதா, உன் கண்ணால பாத்தியா? உன் வீட்டுக்காரர் நிக்கிறாரே!"

அந்த ஒரு நொடியில் யசோதாவுக்குள் எல்லாம் உடைந்து பொங்கியது. அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, அதன் பிறகு இருட்டில் கண் திறந்து படுத்துக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல் அவள் கேட்டிருக்கிறாள், பழையபடி என்னுடைய மனுஷனைக் கொடு என்று. எழுந்துவிட்டான். எழுந்து நடந்து வந்து எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான். அதனால்தான் அந்த வாசனை. அதனால்தான் அந்தத் தட்டு. சிரிப்பு தொண்டை வரை வந்தது.

டங். டங். டங். டங்.

சத்தம் ஜன்னலிலிருந்து வந்தது. கட்டிலிலிருந்து.

சிரிப்பு அங்கேயே நின்றது.

மாடிப்படியில் லட்சுமம்மாவின் செருப்புகள் தடதடவென்று இறங்கின. முதல் படியில் தெரிந்தன, முற்றத்தைத் தாண்டி வந்தன, அந்த வெறுங்கால்களுக்கு எதிரே வந்து நின்றன. யசோதா கத்த வாயைத் திறந்தாள். அப்போது அந்தக் கால்களில் ஒன்று மெதுவாக எழும்பி, பின்னோக்கி நகர்ந்து, அவளுடைய நைட்டியின் ஓரத்தில் குதிகாலை வைத்தது. அழுத்தமாக இல்லை. குழந்தையின் பாவாடையை விளையாட்டுக்கு மிதிப்பது போல. துணி வழியாக அந்தச் சூடு அவள் தொடை வரை ஏறியது. குரல் வரவில்லை.

"சென்னாகிதீராப்பா? நல்லா இருக்கியா?" லட்சுமம்மா அழுதுகொண்டிருந்தாள். "எத்தனை நாளாச்சு! பேச வருதா?"

"சென்னாகிதீனம்மா," என்றான் அவன்.

ஷங்கரின் குரல். கரகரப்பு, கடைசி எழுத்தை இழுப்பது, எல்லாம்.

"உள்ள என்னப்பா சத்தம்? யாரோ தட்டற மாதிரி இருக்கு?"

"பூனைம்மா," என்றான். "பாத்திரத்தை உருட்டுது."

"யசோதா எங்கே?"

"வண்டிக்கு அடியில. வேலை முடியல இன்னும்."

"பொம்பளையைப் படுக்க வச்சு வேலை வாங்கறியா, கள்ளா!" லட்சுமம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "இரு, நான் போய் சாமிக்கு விளக்கு வச்சுட்டு வரேன். அம்மா தாயே..."

போகாதே. போகாதே லட்சுமம்மா. குனி. ஒரே ஒரு தடவை குனிந்து பார்.

செருப்புகள் திரும்பின. படியேறின. மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

முற்றத்தில் ஆயில் விழும் சத்தம் மட்டும் இருந்தது. இப்போது அதற்குச் சத்தம் வந்திருந்தது. தொண்டையில் இறங்குவது போன்ற சத்தம்.

குதிகால் நைட்டியை விட்டது. கால்கள் திரும்பின. விரல்கள் அவள் பக்கம் வந்தன. முழங்கால்கள் மடங்கி இறங்கின. காக்கிக் கால்சட்டை. அதன் மேல் தொங்கும் கைகள். டார்ச் வெளிச்சம் அவள் மார்பில் குதித்தது. முகம் வரப்போகிறது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஒரு விரல் அவள் கன்னத்திலிருந்த ஆயிலை வழித்தெடுத்தது. மெதுவாக. பிரியமாக.

"அங்கேயே இரு யசோ."

உள்ளே டம்ளர் வெறி பிடித்ததுபோல் அடித்தது. கட்டில் சட்டமே உடைந்துவிடும் போல. இங்கே வா, இங்கே வா என்று. யாரைக் கூப்பிடுகிறான்? என்னையா?

அவளுக்கு அப்போது புரிந்தது. அவளை இல்லை.

விரல் கன்னத்தை விட்டது. அவள் கண் திறந்தபோது கால்கள் வாசற்படியில் ஏறிக்கொண்டிருந்தன. சிமெண்டில் கறுப்பான பாதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வீட்டுக்குள் போயின. ஷங்கர் அதைத் தன் பக்கம் இழுத்துவிட்டான். அசைய முடியாதவன். கத்த முடியாதவன். அவளை விட்டுவிடட்டும் என்று.

டம்ளர் நின்றது.

அவள் எழ முயன்றாள். முழங்கை வழுக்கியது. குதிகால் வழுக்கியது. சுற்றிலும் ஆயில், பிடிக்க ஒன்றும் இல்லை. புரண்டு, மறுபக்கச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து, நெற்றியைத் தகரத்தில் இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையில் அகப்பட்ட ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். ஓடினாள்.

அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சம் கட்டிலின் மேல் மட்டும் விழுந்திருந்தது.

கட்டிலில் ஷங்கர் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, முதுகை நேராக வைத்து. மடியில் வேஸ்ட் துணி. இரண்டு கைகளையும் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பாதியில வந்துட்டே?" என்றான்.

 அவள் முகத்தைத் தேடினாள். என்ன தப்பு, எங்கே தப்பு என்று தேடினாள். கோணியிருந்த வாய் நேராக இருந்தது. இறங்கியிருந்த கண்ணிமை ஏறியிருந்தது. நெற்றித் தழும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. தப்பு ஒன்றுமே இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

"நீ யாரு? அவர் எங்க?"

"கதவைச் சாத்திட்டு வா யசோ. பசிக்குது. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு."

அவள் அவனையே பார்த்தாள். அகலமான அந்தத் தோள்களைப் பார்த்தாள். அவளைத் தூக்கிச் சுற்றிய கைகள். நாளைக்கு வண்டியை அவனே எடுத்துக்கொண்டு போவான். அவள் படுத்துத் தூங்கலாம். ஒரு நொடி. அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில் அவள் கை தானாகக் கதவைத் தொட்டது.

"பா."

வெளியிலிருந்து. கீழேயிருந்து. வண்டிக்கு அடியிலிருந்து.

"பா... பா..."

ஸ்பேனர் விழுந்தது. அவள் ஓடினாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் படுத்திருந்த அதே இடத்தில் ஷங்கர் கிடந்தான். அவளுடைய டார்ச் அவன் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஆயில் அவன் மார்பில் விழுந்து கழுத்தில் ஓடி வாயோரம் தேங்கியிருந்தது. கோணிய வாய். இறங்கிய இமை. கண்கள் மட்டும் வெள்ளையாக அவளைப் பார்த்தன. அவள் குப்புற விழுந்து தவழ்ந்து போய் அவன் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"நான் வந்துட்டேங்க. வந்துட்டேன். பிடிச்சுக்கங்க."

நல்ல கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாக அந்தப் பிடியைத்தான் அவள் தினமும் தாங்கியிருக்கிறாள். இவன்தான். இவன்தான் அவளுடையவன். அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள். சாணளவு. இன்னொரு சாணளவு. அவளுடைய வாயிலும் ஆயில் போனது. வெதுவெதுப்பாக, உப்பாக. துப்பினாள். இழுத்தாள். வண்டியை விட்டு வெளியே வந்து, முற்றத்தின் நடுவில் அவனை மடியில் போட்டுக்கொண்டு விழுந்தாள். தலையிலிருந்து கால்வரை இருவரும் கறுப்பாக இருந்தார்கள். அவன் அழுதுகொண்டிருந்தான். அவளும்.

கரண்டு வந்தது.

மாடியில் டிவி நடுவிலிருந்து பேச ஆரம்பித்தது. வராந்தா விளக்கு எரிந்தது. லட்சுமம்மா கையில் கற்பூரத் தட்டோடு வெளியே வந்து கீழே பார்த்தாள். தட்டு ஆடியது.

"யாரது? ஏய், யாரு அது?"

நான்தான் லட்சுமம்மா. யசோதா. அவள் வாயைத் திறந்தாள்.

"பா," என்றாள்.

மறுபடி முயன்றாள். நாக்கு தடித்து, வாய்க்குள் யாருடையதோ போலக் கிடந்தது.

"பா. பா."

"யசோதம்மா!" லட்சுமம்மா பயத்தில் கத்தினாள். "கேட்டுக்குள்ள யாரோ ரெண்டு பேர் வந்து விழுந்து கிடக்கறாங்க! மூஞ்சியெல்லாம் கறுப்பு! யசோதா!"

"இதோ பாக்கறேன் லட்சுமம்மா," என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அது யசோதாவின் குரல்.

ஜன்னலில் விளக்கு வெளிச்சத்தில் அவள் வந்து நின்றாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, தலை வாரி, பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஷங்கர் நிமிர்ந்து நின்று அவள் தோளில் கை போட்டிருந்தான். இரண்டு பேரும் முற்றத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் கோபம் இல்லை, பயமும் இல்லை.

"பந்த் கலாட்டாவில அடிபட்டதுங்க போல," என்றாள் ஜன்னலில் நின்றவள், மாடியைப் பார்த்து. "பாவம். நீங்க கதவைத் திறக்காதீங்கம்மா. விடிஞ்சா தானாப் போயிடும்."

மாடிக் கதவு சாத்திக்கொண்டது. மடியில் ஷங்கரின் கை அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கியது. அவள் ஜன்னலை நோக்கித் தன் வலது கையை நீட்டப் பார்த்தாள். அது எழவில்லை.

ஜன்னலில் நின்றவள் அதைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு திரையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாக இழுத்து மூடினாள்.